கெட்ட செய்தி எப்படி மேலே ஏறுகிறது?

நிறுவனங்கள் நடத்தும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் மூன்று எண்கள் திரையில் வந்துவிடும்: 7, 38, 55. நாம் தெரிவிப்பதில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்பார் பயிற்சியாளர். ஆகவே நிமிர்ந்து நில்லுங்கள், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள், கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள் என்று வகுப்பு நகரும்.

இந்த எண்கள் பிறந்த இடம் வேறு. 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் தம் சகாக்களோடு இரண்டு சிறு ஆய்வுகளை வெளியிட்டார். ஒன்றில் ‘நன்றி’, ‘ஒருவேளை’, ‘கூடாது’ போன்ற ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். மற்றொன்றில் ‘ஒருவேளை’ என்ற ஒரே சொல்லின் ஒலிப்பதிவையும் வெவ்வேறு முகபாவங்கள் கொண்ட புகைப்படங்களையும் சேர்த்துக் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிராளிமேல் இருப்பது பிரியமா, வெறுப்பா என்பது மட்டுமே கேள்வி. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து உருவாக்கிய கணக்குதான் 7-38-55. மனத்தில் உள்ள விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சைத் தவிர வேறெதற்கும் அது பொருந்தாது என்று மெஹ்ராபியனே பின்னால் விளக்கம் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. காலாண்டு வரவுசெலவையோ பாய்லரின் அழுத்தத்தையோ முகபாவத்தால் 55 சதவீதம் சொல்லிக்காட்ட முடிந்தவர் எவரேனும் இருந்தால் பார்க்க ஆசை.

எண் தவறென்றாலும் வகுப்பு ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. நிற்கும் விதத்தையும் குரலையும் இரண்டு நாளில் திருத்திவிடலாம். திருந்தியது கண்ணுக்கும் தெரியும். மேடை நடுக்கம் உள்ளவருக்கு அது உண்மையான உதவிதான். கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் நூறாண்டு தாண்டி நிலைப்பதற்கு இந்த உதவியே காரணம். ஆனால் ‘தலைமைப் பண்புக்கான தகவல் பரிமாற்றம்’ என்ற பெயரில் இதையே விற்கும்போது கேள்வி எழுகிறது. வேலையிடத்தில் பெரிய தவறுகள் நடந்த இடங்களைத் தோண்டிப் பார்த்தால், கூனி நின்றதால் கெட்டது என்று எங்கும் காணோம். விஷயம் தெரிந்தவர் அறைக்குள் இருந்தார், பேசவும் செய்தார், ஆனால் முடிவெடுப்பவரிடம் அது போய்ச் சேரவில்லை என்பதே திரும்பத் திரும்ப வருகிறது.

இதை ஆராய இரண்டு கூட்டங்கள் நமக்கு மிக நன்றாகப் பதிவாகிக் கிடைத்திருக்கின்றன. இரண்டும் நாசாவைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையே 17 ஆண்டுகள். இரண்டிலும் யார் எந்தத் தாளைக் காட்டினார், யார் என்ன கேட்டார் என்பதை விசாரணை ஆணையங்கள் வரிவரியாகப் பிரித்துவைத்தன. எந்த அலுவலகத்தின் பிரசன்டேஷனும் இவ்வளவு நுணுக்கமாகப் பிணப்பரிசோதனைக்கு உட்பட்டதில்லை.

முதற்கூட்டம் 1986 ஜனவரி 27 இரவில் தொலைபேசி வழியாக நடந்தது. மறுநாள் காலை ஃபுளோரிடாவின் கென்னடி மையத்திலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும் என்று முன்னறிவிப்பு. ஓடத்தின் திட எரிபொருள் பூஸ்டர்களைச் செய்துகொடுத்தது யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தயோகால் நிறுவனம். பூஸ்டரின் துண்டுகள் இணையும் இடத்தில் கொதிக்கும் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போய் வேலை செய்யாது என்ற அச்சம் அங்கிருந்த பொறியாளர்களுக்கு முன்பே உண்டு. ரோஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் 1985 ஜூலை 31 அன்று தம் நிறுவனத்தின் துணைத் தலைவருக்கு எழுதிய குறிப்பில், இதைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் வரலாம் என்றே எழுதியிருந்தார். அவருடைய சகா பாப் எபலிங் அக்டோபரில் அனுப்பிய குறிப்பு, ‘உதவி!’ என்ற கூவலோடு தொடங்கியது. எழுத்துத் திறன் இல்லாததால் விஷயம் விளங்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கூட்டத்துக்கு முன் கிடைத்த சில மணி நேரத்தில் தயோகால் பொறியாளர்கள் 13 தாள்களைத் தயாரித்து, சிலவற்றைக் கையாலேயே எழுதி, ஃபேக்ஸில் அனுப்பினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்களுடைய பரிந்துரை. அதுவரை பறந்தவற்றில் மிகக் குளிரான ஏவல் அந்த வெப்பநிலையில்தான் நடந்திருந்தது; அதில்தான் சேதமும் மிக மோசம். இரண்டு வளையங்களுக்கு நடுவே இருந்த கிரீஸ் கருகிக் கிடந்ததைப் பாய்ஜோலி தம் கண்ணால் கண்டிருந்தார்.

அலபாமாவில் இருந்த நாசாவின் மார்ஷல் மையத்து அதிகாரிகள் மடக்கினார்கள். 24 டிகிரி செல்சியஸில் ஏவியபோதும் வாயு கசிந்ததே, பிறகு குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எண்ணில் காட்டுங்கள். பாய்ஜோலியால் எண்ணில் காட்ட முடியவில்லை. நிலைமை நல்ல பக்கத்திலிருந்து விலகிப்போகிறது என்ற அளவில்தான் அவரால் சொல்ல முடிந்தது. ஒரு அதிகாரி இந்தப் பரிந்துரையைக் கேட்டுத் திகைத்துப்போனதாகச் சொன்னார். இன்னொருவர், அப்படியென்றால் ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்ற பொருளில் எரிச்சலோடு கேட்டார். தயோகால் தரப்பு ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்ள அவகாசம் கேட்டது. அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள்தான், நிறுவனத்தின் மூத்த துணைத் தலைவர் ஜெரி மேசன், பொறியியல் பிரிவுத் தலைவர் பாப் லண்டிடம் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கருத்துக் கேட்கப்பட்டது நிர்வாகிகள் நால்வரிடம் மட்டுமே, பொறியாளர்களிடம் கேட்கவில்லை. லண்ட் இறங்கிவந்தார். ஃபுளோரிடாவில் இருந்த தயோகால் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதலில் கையெழுத்திட மறுத்ததால், யூட்டாவிலிருந்தே வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள் முற்பகல் 11.38க்குக் கிளம்பிய சேலஞ்சர் 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

இந்தப் 13 தாள்கள் பின்னால் ஒரு பெரிய வாதத்துக்குக் காரணமாயின. தகவல்களைப் படமாகக் காட்டும் கலையில் பேர்பெற்ற எட்வர்ட் டஃப்டி, 1997இல் வெளியான நூலில், பொறியாளர்களின் முடிவு சரி, காட்டிய விதம் தவறு என்று வாதிட்டார். சேதம் ஏற்பட்ட ஏவல்களை மட்டுமே அவர்கள் பேசினார்கள். சேதமே இல்லாத ஏவல்களையும் வெப்பநிலை வரிசையில் ஒரே படத்தில் வைத்திருந்தால் உண்மை பளிச்சென்று தெரிந்திருக்கும் என்றார். சேலஞ்சர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் கணக்கும் இதையே காட்டுகிறது. வளையத்தின் வெப்பநிலை சுமார் 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவல்களில் மூன்றில்தான் சேதம். 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு ஏவல்களில் நான்கிலும் சேதம். இதைவிடத் தெளிவாக எந்தத் தாளும் பேச முடியாது.

2002இல் பாய்ஜோலியும் பொறியியல் அறத்தை ஆராயும் சிலரும் சேர்ந்து டஃப்டிக்குப் பதில் எழுதினார்கள். டஃப்டி கேட்கும் படத்தை வரையத் தேவையான வெப்பநிலைத் தரவு முழுதும் அன்றிரவு பொறியாளர்கள் கையில் இல்லை என்பது அவர்கள் பதில். டஃப்டி காற்றின் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டார் என்றும் காட்டினார்கள். இந்தச் சண்டையில் என் ஓட்டு பொறியாளர்கள் பக்கம். அழகான படம் வரையத் தெரியாததால் ஏழு பேர் இறந்தார்கள் என்பது பயிற்சி வகுப்புகளுக்கு இனிக்கும் கதை. நடந்ததற்கு அது நியாயம் செய்யவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தொலைபேசியில் மூன்று ஊர்களிலிருந்தும் அனுபவம் மிக்க நிர்வாகிகள் பேசினார்கள். ‘சேதமில்லாத ஏவல்களின் வெப்பநிலை என்ன?’ என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதைத் தேடி எடுக்க நாளை மதியம்வரை நேரம் தருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டவை எதிராளியின் வாதத்தை உடைக்கும் கேள்விகள். விஷயத்தை வெளியே கொண்டுவரும் கேள்வி வேறு வகை. வழக்கமாக ஏவலுக்கு முன் ‘பாதுகாப்பானது என்று நிரூபி’ என்று கேட்கும் அதே அமைப்பு, அன்றிரவு ‘ஆபத்தானது என்று நிரூபி’ எனக் கேட்டது. அறைக்குள் இந்தத் திருப்பம் நிகழ்ந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சமூகவியலாளர் டயேன் வான் 1996இல் எழுதிய ஆய்வில் இதன் வேரைக் காட்டினார்: ஒவ்வொரு முறையும் சிறு சேதத்தோடு ஓடம் பத்திரமாகத் திரும்பியதால், சேதம் என்பதே ஏற்கத்தக்க ஒன்றாகப் படிப்படியாக மாறிவிட்டது. ஆகவே அன்றிரவு பொறியாளர்கள் பேசியது ஒரே ஒரு கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுக்கு எதிராக மட்டுமன்று. பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஒப்புதல்களுக்கு எதிராக.

இரண்டாவது கூட்டத்துக்கு வருவோம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பிய சுமார் 82 வினாடிகளில் வெளி எரிபொருள் கலத்திலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடத்தில் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் இருந்தார். மோதல் ஆபத்தானதா என்று கணிக்க அமைக்கப்பட்ட குழு, ஒரு வாரம் கழித்துத் தன் முடிவுகளை ஸ்லைடுகளாகக் காட்டியது. அவற்றில் ஒரு ஸ்லைடு உலகப் புகழ் பெற்றுவிட்டது.

அதன் தலைப்பு, ஓடத்தின் வெப்பக் காப்பு ஓடுகளை நுரை துளைக்குமா என்பது பற்றிய சோதனைத் தரவுகள் நம் கணிப்பு எச்சரிக்கையானதே என்று காட்டுகின்றன எனும் பொருளில் இருந்தது. படிப்பவருக்கு முதலில் கிடைப்பது நிம்மதி. அதற்குக் கீழே புள்ளிகள், புள்ளிக்குள் புள்ளிகள், எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல் ஐந்து முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அளவு வேறு. கடைசி வரிக்கு வந்தால்தான் விஷயம்: மோதிய துண்டின் கன அளவு சுமார் 1920 கன அங்குலம்; சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். மோதியது சோதித்ததைப் போல 640 மடங்கு பெரியது. அதாவது, இந்தச் சோதனையை வைத்து எதையுமே சொல்ல முடியாது. ஸ்லைடின் தலைப்பாக இருந்திருக்க வேண்டியது அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. மோதிய இடமும் ஓடு பதித்த பகுதி இல்லை, இறக்கையின் கார்பன் விளிம்பு என்பது பின்னால் தெரியவந்தது.

விபத்து விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஸ்லைடைப் பற்றிய டஃப்டியின் அலசலை ஒரு முழுப் பக்கத்தில் அச்சிட்டது. ஒரு மூத்த அதிகாரி இதைப் படித்துவிட்டு, உயிருக்கு ஆபத்தான ஒன்றைப் பற்றிப் பேசப்படுகிறது என்றே உணராமல் போயிருக்கலாம் என்று குழு கருதியது. ஆனால் அறிக்கை ஸ்லைடோடு நின்றுவிடவில்லை. ஓடத்தின் இறக்கையைச் சுற்றுப்பாதையிலேயே படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் பல வழிகளில் கேட்டார்கள்; முறைப்படி வரவில்லை என்ற காரணத்தாலும், அப்படி ஒரு தேவை இருப்பதாக மேலே யாருக்கும் தோன்றாததாலும் அது கைவிடப்பட்டது. ஒரு பொறியாளர் கடுமையான சொற்களில் மின்னஞ்சல் எழுதி, மேலே அனுப்பாமலே விட்டார். ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை மீண்டும் பொறியாளர்கள் தலையிலேயே ஏறியது என்பதை அறிக்கை தனியாகக் குறிப்பிடுகிறது. பிப்ரவரி 1 அன்று கொலம்பியா வளிமண்டலத்துக்குள் நுழையும்போது உடைந்து எரிந்தது.

இங்கே மென்பொருளின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பவர்பாயின்ட் 1987இல் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்திலிருந்து வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. புள்ளிவைத்து எழுதும் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. ஆனால் புள்ளி வைத்த வரியில் வினைச்சொல் இல்லாமலே தப்பித்துவிடலாம். ‘ஆகையால்’, ‘ஆனாலும்’, ‘என்றாலொழிய’ போன்ற இணைப்புகள் இல்லாமலும் தப்பித்துவிடலாம். யோசனையின் பலவீனம் தங்குவது இந்த இணைப்புகளில்தான். அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2004 ஜூனில் தம் மூத்த குழுவின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டைத் தடைசெய்து, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். அந்தக் குறிப்பு ஆறு பக்கம் என்ற வழக்கம் பிறகு நிலைத்தது. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் வாய் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள். பேச்சு அதற்குப் பிறகுதான். டஃப்டியின் கட்டுரையைப் படித்ததும் இந்த முடிவுக்கு ஒரு தூண்டுதல் என்று அங்கே பணியாற்றிய காலின் பிரையாரும் பில் காரும் எழுதியிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஆறு பக்கம் என்ற கணக்கைவிட மௌனமாகப் படிக்கும் அந்த நேரம். பேசுபவரின் கவர்ச்சியும் பதவியும் அந்த நேரத்தில் அறையில் வேலை செய்வதில்லை. ஆனால் நம் ஊருக்கு இதை அப்படியே இறக்குமதி செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. சென்னையிலோ கோவையிலோ உள்ள ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தின் குணத்தை அறிந்த ஃபோர்மேன் தமிழில் யோசிப்பவர். தலைமை அலுவலகத்துக்குப் போகும் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றால், அதை எழுதுபவர் ஆங்கிலம் தடுமாறாத வேறொருவர். அங்கே ஒரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. ஃபோர்மேன் ‘சத்தமே மாறிப்போச்சு சார், நிறுத்திப் பாக்கணும்’ என்று சொன்னது, குறிப்பில் ‘அதிர்வு அளவு கண்காணிப்பில் உள்ளது’ என்று ஏறும். பொய் ஒன்றும் இல்லை. அவசரம்தான் வழியில் உதிர்ந்துவிட்டது. எந்த மொழியில் என்பதைவிட, விஷயம் அறிந்தவரையே நேரில் கூப்பிட்டு அவர் மொழியில் கேட்பதுதான் இந்த இடத்தில் தலைமையின் வேலை.

அவசரம் உதிர்வதை மிகக் கவனமாக ஆராய்ந்தது விமானத்துறை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில் சக்கரம் இறங்குவதில் சந்தேகம் வந்தது. கேப்டன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானிலேயே வட்டமடித்து அதைச் சரிபார்ப்பதில் மூழ்கினார். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் அவ்வப்போது சொன்னார்கள். ஆனால் அபாயத்தின் அளவுக்கு ஏற்ற குரலில் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனியில் கிளம்பி பொடோமக் ஆற்றில் விழுந்த ஏர் ஃபுளோரிடா விமானத்திலும், இயந்திர அளவீடு சரியில்லை என்பதைத் துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லிப் பார்த்து, கேப்டன் மறுத்ததும் அடங்கிப்போனது ஒலிப்பதிவில் இருக்கிறது.

மொழியியலாளர் சார்லட் லிண்ட் இப்படிப்பட்ட விமான ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் பேசும்போது சொல்லைத் தணித்துத் தணித்தே சொல்கிறார் என்று 1988இல் எழுதினார். யூட்டே ஃபிஷரும் ஜூடித் ஒரசானுவும் பின்னால் விமானிகளிடம் நடத்திய ஆய்வுகளில், அதே ஆபத்தைச் சொல்லக் கேப்டன்கள் கட்டளையையும் துணை விமானிகள் குறிப்பையும் தேர்ந்தெடுப்பதைக் கண்டார்கள். இது தமிழருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். ‘இது தப்பு’ என்று நினைக்கிற இளையவர் நம் அலுவலகத்தில் ‘சார், இன்னொரு வாட்டி பாத்துக்கலாமா?’ என்பார். சாருக்கு நேரமிருந்தால் பார்ப்பார்.

யுனைடெட் 173 விபத்துக்குப் பிறகு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் செய்த பரிந்துரை இன்றைக்கும் புதிதாகத் தெரிகிறது. உதவியாளர்களுக்குத் துணிந்து சொல்லும் பயிற்சி கொடுங்கள் என்றதோடு, கேப்டன்களுக்கு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தும் பயிற்சி கொடுங்கள் என்றும் அது சொன்னது. 1979இல் நாசா கூட்டிய கருத்தரங்கும் 1981இல் யுனைடெட் தொடங்கிய வகுப்புகளும் இந்த இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. 1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் 232ஆம் விமானம் ஹைட்ராலிக் கட்டுப்பாடு முழுவதையும் இழந்து சூ சிட்டியில் மோதி இறங்கியபோது, 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பயணியாக வந்திருந்து விமானி அறைக்கு உதவ வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவர் உட்பட நால்வர் யோசனைகளையும் சேர்த்துக்கொண்டதுதான் அதற்குக் காரணம் என்று கேப்டன் ஆல் ஹேன்ஸ் பின்னால் ஊர் ஊராகச் சொன்னார். அந்த வகுப்புகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்.

மருத்துவமனைகளுக்கு இந்த வழி வேறொரு வடிவில் போயிற்று. இரவில் டாக்டரைத் தொலைபேசியில் அழைக்கும் நர்ஸ் நான்கு படியில் பேச வேண்டும்: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் இருந்த வழக்கத்தை 2000களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் எடுத்து மாற்றியமைத்தன. முதலிரண்டு படிகளை எந்த நர்ஸும் ஏற்கெனவே செய்துவந்தார். ‘நோயாளிக்கு உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன், நீங்கள் உடனே வர வேண்டும்’ என்று சொல்லும் உரிமையைக் கடைசி இரண்டு படிகள்தான் கொடுத்தன. படிவமே இப்படிக் கேட்பதால், சொல்பவர் அதிகப்பிரசங்கி ஆவதில்லை.

கெட்ட செய்தியை மேலே சொல்ல மனிதர்கள் தயங்குவது ஆய்வகத்திலும் நிரூபணமான ஒன்று. 1970இல் சிட்னி ரோசனும் ஏப்ரகாம் டெசரும் நடத்திய சோதனைகளில், தமக்குச் சம்பந்தமே இல்லாத கெட்ட செய்தியைக்கூட உரியவரிடம் சொல்லாமல் தவிர்க்கவே பங்கேற்றவர்கள் முனைந்தார்கள். கூட்டமாகக் கூடினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை 1985இல் கேரல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் உடைத்தார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று பேரில் ஒருவரைக் குழுவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா விவரமும் எல்லோர் கையிலும் இருந்தபோது 80 சதவீதத்துக்கு மேற்பட்ட குழுக்கள் தகுதியானவரையே எடுத்தன. அவருடைய தகுதிகளைத் துண்டுதுண்டாக ஆளுக்கொன்றாய்ப் பிரித்துக் கொடுத்தபோது கால்பங்குக் குழுக்கள்கூட அவரை எடுக்கவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே பேசிப் பேசிக் குழு உறுதிசெய்துகொண்டது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சுக்கே வரவில்லை.

ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராயப் போனபோது, நன்றாக இயங்கும் வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. யோசித்துப் பார்த்ததில், நல்ல வார்டுகளில் பிழை அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொல்லப்படுகிறது என்று புரிந்தது. சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. 1999இல் அவர் இதை உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் எழுதியபின் அந்தத் தொடர் மனிதவளத் துறையின் வாய்ப்பாடாகிவிட்டது. நல்லிணக்கம், பிறந்தநாள் கேக் என்றெல்லாம் இப்போது அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். அந்த வார்டுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு எளிய கேள்வி: உங்களிடம் இந்த மாதம் எத்தனை தவறுகள் வந்து சொல்லப்பட்டன? ஒன்றும் வரவில்லை என்று பெருமைப்படும் மேலாளரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திருக்குறளின் அதிகார அமைப்பை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சொல்வன்மையும் அவையறிதலும் அவையஞ்சாமையும் அமைச்சரைப் பற்றிய பகுதியில் வருகின்றன. அரசனுக்குரிய பகுதியில் இருப்பது கேள்வி. இறைமாட்சி அதிகாரத்தில் காதுக்குக் கசப்பான சொல்லைப் பொறுத்துக்கொள்வது வேந்தனின் பண்பாகச் சொல்லப்படுகிறது. பேச்சு ஒருவருக்கு, கேட்பது இன்னொருவருக்கு என்ற இந்தப் பங்கீடு தற்செயலாக இருக்கலாம். ஆனால் இன்றைய பயிற்சித் திட்டங்கள் இதைப் புரட்டிப்போட்டு, தலைவருக்குச் சொல்வன்மையும் கீழே இருப்பவருக்குக் கேள்வியும் கற்பிக்கின்றன.

கேட்பதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்றால், முடியும். அது குணத்தைவிட நடைமுறையைச் சார்ந்தது. கூட்டத்தில் யார் முதலில் பேசுகிறார் என்பது ஒன்று. தலைவர் தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால் அதன்பின் வருபவை பெரும்பாலும் அதன் எதிரொலிதான். அனுபவத்தில் இளையவரிலிருந்து தொடங்கி மேலே வந்தால் அறையின் உண்மையான நிலை தெரியும். கேள்வியின் வடிவம் இன்னொன்று. ‘எல்லாம் ஓகேதானே?’ என்று கேட்டால் வரக்கூடிய பதில் ஒன்றே ஒன்று. உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய கட்டுரையில் ஒரு மாற்று சொன்னார்: திட்டம் ஓராண்டுக்குப் பிறகு படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும். குறை சொல்வது அங்கே கேட்ட வேலையைச் செய்வதாகிவிடுகிறது. யூட்டாவின் அந்த அரை மணி நேரத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் பாய்ஜோலிக்கு எண் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கூட்டம் முடிந்த பிறகு நடப்பதும் தகவல் பரிமாற்றம்தான். ஒருவேளை அதில் அதுவே பெரிய பங்கு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவப்பட்ட கதையை அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏவலுக்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கசிவு. உடனிருந்த நிபுணர்கள் பயமில்லை என்றார்கள். திட்ட இயக்குநராக இருந்த கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவினார். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தோல்வியைத் தம் பொறுப்பில் ஏற்று, குழுவின் மேல் நம்பிக்கை தெரிவித்தார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி வந்தபோது, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார்.

இந்தக் கதையைத் தன்னடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது நிர்வாக முடிவாகவே படுகிறது. கசிவை அறிந்தும் ஏவியது தவறான தீர்ப்பு. பயமில்லை என்று சொன்ன நிபுணர்களும் ஏவிய இயக்குநரும் அடுத்த ஏவலின் கவுன்ட்டவுனில் மறுபடி உட்காரப்போகிறவர்கள். 1979இல் ஒருவர் பெயர் பத்திரிகையில் வந்திருந்தால், அடுத்த முறை கசிவைக் கண்ட இளம் பொறியாளர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளும் கோப்பைத் தயாரித்திருப்பார். தவன் பத்திரிகையாளர்களிடம் பேசியது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. அதைக் கூர்ந்து கேட்டவர்கள் அவருடைய ஊழியர்கள்.

ஆகவே நிறுவனம் ஒன்று தலைமைப் பேச்சுப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வகுப்புக்கு யாரை அனுப்புகிறது என்பதை. வழக்கமாக அனுப்பப்படுபவர் பதவி உயர்வை எதிர்பார்க்கும் இளையவர். அவருக்கு ஸ்லைடும் குரலும் கற்பிக்கப்படுகின்றன. அவர் திரும்பிவந்து பேசப்போகும் மேலாளர் அந்த இரண்டு நாளும் தம் அறையில் வேலையாக இருக்கிறார்.